நெட் லைன் இல்லாத காலத்துல ஈமெயில் எப்படிப் போச்சு?

கேள்வி இதுதான்: எப்பவும் ஆன்ல இருக்குற கனெக்‌ஷன் இல்லாத அந்தக் காலத்துல ஈமெயில் அனுப்புனா அது எங்க போய் நிக்கும்?

நம்ம மெஷின் டிஸ்க்லயேதாங்க நிக்கும். 90கள் ஆரம்பத்துல மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுற மெஷினப் பாத்துக்குற வேலை எனக்கு, அதனால இது கண்ணால பாத்த விஷயம். யூயூசிபின்னு ஒரு சிஸ்டம், ஃபோன் லைன் வழியா ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு ஃபைல் அனுப்பும், அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல மைக் லெஸ்க் எழுதுனது, 1979ல வந்த யூனிக்ஸ் 7வது எடிஷனோட நிறைய இடத்துக்குப் போயிடுச்சு. நம்ம நாட்டுல 1986ல ஆரம்பிச்ச எர்நெட்டும் (கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள இணைச்ச நெட்வொர்க், ஐஐடி மெட்ராஸும் அதுல உண்டு) முதல்ல டயல்அப்ல இதை வச்சுத்தான் மெயில் அனுப்புச்சு.

மெயில் அனுப்புனதும் ஸ்பூல் டைரக்டரில, அதாவது அனுப்ப வேண்டியது காத்திருக்குற இடத்துல, மூணு ஃபைல் விழும். ஒண்ணு லெட்டர், ஒண்ணு அந்தப் பக்கம் போனதும் ஆர்மெயில (வந்த மெயில வாங்கி உரியவருக்குச் சேக்குற புரோகிராம்) ஓட்டுன்னு சொல்ற ஆர்டர், மூணாவது இது ரெண்டையும் இன்ன மெஷினுக்குக் கொண்டு போன்னு சொல்ற சீட்டு. அப்புறம் காத்திருக்கணும், ராத்திரி எஸ்டிடி (வெளியூர் கால்) சார்ஜ் குறையுற நேரத்துக்கு கிரான்னு நேரம் பாத்து வேலைய ஓட்டுற புரோகிராம், யூயூசிபில கால் பண்ற புரோகிராமான யூயூசிகோவ எழுப்பும், அது மோடத்துல டயல் பண்ணி லாகின் பண்ணும். 1200 பாட் மோடம்னா செகண்டுக்கு 120 எழுத்துதான், 10 கேபி மெயிலுக்கே ஒன்றரை நிமிஷம் கிட்ட ஆகும். அட்ரஸும் வழி சொல்ற மாதிரி இருக்கும், ஏ!பி!சி!குமார்னா ஏ மெஷின் பிகிட்ட குடுக்கணும், பி சிகிட்ட குடுக்கணும், ஒவ்வொரு இடத்துலயும் மறுபடி க்யூ, மறுபடி ஒரு ஃபோன் கால். நடுவுல ஒரு பேர் தப்பா இருந்தா அது திரும்பி வந்து நமக்குத் தெரியவே நாலு நாள் ஆகலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, கூப்பிட்ட மெஷின் அனுப்பி முடிச்சதும் முடிஞ்சுதான்னு கேக்கும், அந்தப் பக்கம் நமக்கு ஏதாச்சும் வச்சிருந்தா இல்லைன்னு சொல்லும், உடனே ரெண்டும் இடம் மாறிக்கும், அதே கால்ல அவங்க மெயிலும் வந்துடும். எவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்காங்க பாருங்க.

ஒரு தடவ அந்தப் பக்கம் பாஸ்வேர்ட மாத்திட்டாங்க, எங்களுக்குத் தெரியாது, ராத்திரி பூரா லாகின் ஃபெயில். காலைல வந்து பாத்தா க்யூ அப்படியே கெடக்கு, அதுல ஒருத்தரோட கான்ஃபரன்ஸ் பேப்பர், அன்னைக்குதான் கடைசி நாள். ஃபோன் பண்ணிக் கேட்டு பாஸ்வேர்ட சரி பண்ணி மறுபடி ஓட்டுனா 'ரீட்ரை டைம் நாட் ரீச்ட்'னு நிக்குது, ஏன்னா ஃபெயிலானத அது ஒரு ஸ்டேட்டஸ் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், அந்த நேரம் போற வரைக்கும் டயலே பண்ணாது. அந்த ஸ்டேட்டஸ் ஃபைல அழிச்சுட்டு ஓட்டணும், இது எனக்கு சீனியர் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். பகல்ல ஃபுல் சார்ஜ், பரவால்லன்னு டீபக் போட்டு (நடக்குறத ஸ்க்ரீன்ல காட்டும்) ஓட்டுனேன், ஸ்க்ரீன்ல 'ஓகின்:' வர வரைக்கும் மூச்சே விடல ('லாகின்:'ல முதல் எழுத்து லைன்ல தொலைஞ்சு போகும்னு 'எல்'ல விட்டுட்டுதான் ஃபைல்ல எழுதி வப்போம்). பேப்பர் போச்சு, உடனே இடம் மாறி, ரெண்டு நாளா அங்க தேங்கி இருந்த எங்க மெயில் எல்லாம் வரிசையா எறங்க ஆரம்பிச்சுது.