ஒரு பிராண்டின் பெயருக்கு மக்கள் மனதில் அர்த்தம் எப்படி வருகிறது? எல்லாமே விளம்பரம்தானா?

விளம்பரத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெயரை அறிமுகம் செய்துவைக்கும், அவ்வளவுதான். மீதியை நம் வாழ்க்கைதான் சேர்க்கிறது.

என் அப்பா ஷேவிங் கிரீம் டியூபை அடியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வருவார். கடைசிச் சொட்டு வரை விடமாட்டார். இன்றும் அதே கிரீமின் மூடியைத் திறந்தால், தாடையில் நுரையோடு கண்ணாடி முன் நிற்கும் அப்பாதான் வருகிறார். அந்த கம்பெனியின் எந்த விளம்பரமும் எனக்கு நினைவில் இல்லை.

நைக்கி ஷூவின் சின்னமான வளைந்த கோட்டையும் பாருங்கள். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தது. அன்று அது வெறும் கோடு. அந்த ஷூவைப் போட்டு ஓடியவர்கள், ஜெயித்தவர்கள், அவர்களைப் பார்த்து ஓட ஆசைப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துதான் அதற்கு உயிர் கொடுத்தார்கள்.

இப்படிச் சேர்ந்த அர்த்தம் எவ்வளவு ஆழமானது என்பது அதில் கை வைக்கும்போதுதான் தெரியும். 1985 ஏப்ரலில் கோக கோலா தன் பழைய சுவையை மாற்றியது. சும்மா மாற்றவில்லை, ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்து, புதியது பிடித்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் இறங்கினார்கள். ஆனாலும் அமெரிக்காவில் கோபம் வெடித்தது. தொலைபேசியிலும் கடிதத்திலும் புகார்கள் குவிந்தன, பழையதை வாங்கிப் பதுக்கியவர்களும் உண்டு. 79 நாட்களில் பழைய கோலா திரும்பி வந்தது. சோதனையில் கேட்டது நாக்கை மட்டும். அந்த பாட்டிலோடு வளர்ந்தவர்களிடம், 'இது இனி கிடைக்காது, பரவாயில்லையா?' என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கஷ்ட காலத்தில் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பது. 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் என்ற வலி நிவாரணி கேப்ஸ்யூல்களில் சயனைடு விஷம் கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். தவறு தயாரிப்பில் இல்லை. இருந்தும் அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும்படி புது பேக்கிங்கோடு மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. சாவோடு சேர்த்தே நினைவில் நின்றிருக்க வேண்டிய பெயர் அது. மக்கள் அதைத் திரும்பவும் நம்பி வாங்கினார்கள்.