குட்டி அயர்ன் பாக்ஸ் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, மிச்சத் துணியெல்லாம் சேத்து குழந்தைங்களுக்கு குவில்ட் போர்வை தைக்கிறேன், மேல மீன், பூன்னு துணியில வெட்டி அப்ளிக் வைக்கிறேன். இதழ் ஓரத்த மடிச்சுத் தேய்க்கும்போது பெரிய அயர்ன் பாக்ஸ்ல விரல் சுட்டுடுது. குட்டியா ஒண்ணு வாங்கணும். அமெரிக்காவுல இருக்குற நாத்தனார் அடுத்த மாசம் வர்றாங்க, வாங்கிட்டு வரச் சொல்லவா? ஸ்டீம் உள்ளது நல்லதா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: நாத்தனார்கிட்ட சாக்லேட் கேளும்மா, இது வேணாம். அங்க கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230, அப்படியே சொருகுனா கருகிடும். ரெண்டு வோல்ட்டுக்கும் ஓடும்னு அடியில போட்டிருந்தா மட்டும் சரி. துபாய்ல இருந்து யாராவது வந்தா அந்தக் கவலை இல்ல, பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும்.

ஸ்டீம் நம்ம கடற்கரைப் பக்கம் தொல்லைதான். உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சுக்கும், அப்புறம் அதே வெள்ளைப் பொடி நீ ஆசையா தச்ச கறுப்புத் துணி மேல உதிரும். அதுவுமில்லாம அப்ளிக்குக்கு ஒட்டுற பசைத் தாளோட பசையும் அந்த ஓட்டைக்குள்ள போயிடும், அதனால ஓட்டையே இல்லாத மொழுக்குன்னு இருக்குற தட்டுதான் நல்லது.

வாங்கும்போது மூக்கப் பாரு. கூரா இருந்தாத்தான் இதழ் வளைவுக்குள்ள போகும். குச்சி மாதிரி கைப்பிடி, நுனியில சின்னத் தட்டு வச்சதும் இருக்கு, உன் வேலைக்கு அதுதான் என் ஓட்டு, ஆனா கழுத்துக் கம்பியும் சுடும், ஸ்டாண்டு இல்லாம வாங்காத. சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி கட்டாயம் வேணும், ஏன்னா காட்டனுக்கு 200 டிகிரி வரைக்கும் தாங்கும், பாலியஸ்டர் பிளவுஸ் பிட்டுல அத வச்சா சுருண்டுடும். வாட்ஸ் கம்மின்னு பயப்படாத, தட்டே சின்னது, அதுக்கு அது போதும்.

விரல் சுடாம இருக்க ஒண்ணு சொல்றேன், இதழ் அளவுக்கு அட்டை வெட்டி துணிக்கு அடியில வச்சு, ஓரத்துல மட்டும் பிரஷ்ல கஞ்சித் தண்ணி தடவி, அயர்ன் மூக்காலயே மடிச்சு அழுத்து, காஞ்சதும் அட்டைய உருவிடு, மடிப்பு அப்படியே நிக்கும். பசைத் தாள் ஒட்டும்போது இழுத்துத் தேய்க்காத, வச்சு அழுத்தி எடு, மேல கேக் சுடும்போது தட்டுல போடுற பேக்கிங் பேப்பர் போட்டுக்க.

பெரிய அயர்ன் பாக்ஸ தூக்கிப் போட்டுடாத, முழு குவில்ட்டையும் குட்டியால தேய்க்க உக்காந்தா பொழுது விடிஞ்சிடும்.