ஸ்பிட்ஃபயரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) போர் விமான மாடல்கள், கேள்வி-பதில்

கேள்வி: பெட்டியில் 1:72 என்று போட்டிருக்கிறது. அது உண்மையா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தாராளமாக முடியும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சாதாரண ஸ்கேலே போதும். நிஜ விமானத்தின் அளவை மில்லிமீட்டரில் எழுதி 72-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரில் மார்க் 1-க்கு (மார்க் என்றால் வகை எண்) இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். வகுத்தால் 156 மி.மீ. வரும். நீளம் 9.12 மீட்டர், அதாவது மாடலில் 127 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. இங்கிலாந்து, அமெரிக்க விமானங்களின் பழைய வரைபடங்கள் அடிக்கணக்கில் இருக்கும். அதற்கும் 1:72 வசதியானது. ஆறு அடிக்கு ஓர் அங்குலம், அவ்வளவுதான் கணக்கு.

ஒரு மி.மீ. முன்னே பின்னே இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. இறக்கை, நீளம் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடியோ குறைந்தோ இருந்தால் உருவம் சரி, 1:72 என்பதுதான் தப்பு. ஒன்று சரியாக இருந்து இன்னொன்று மூன்று நான்கு மி.மீ. உதைத்தால் உருவமே தப்பு. அது அலமாரியில் இருக்கும் வரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

அளவு சரியாக வந்ததும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். மூக்கின் வளைவு, காக்பிட் கண்ணாடியின் உயரம், வால் துடுப்பின் சாய்வு எதையும் ஸ்கேல் சொல்லாது. நிஜ விமானத்தின் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மாடலையும் அதே கோணத்தில் படம் பிடித்து ஒப்பிடுங்கள். போனை மாடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். கேமராவுக்கு நெருங்கிய பகுதி பெருத்தும் மற்றது சிறுத்தும் தெரியும், நல்ல மாடல்மேல் வீண்பழி விழும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

கேள்வி: ஸ்பிட்ஃபயர் மார்க் 5 என்று சொல்லி விற்றார்கள். நண்பர் அது மார்க் 9 என்கிறார். யார் சொல்வது சரி?

திருப்பிப் போட்டு வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். மார்க் 5-இல் இரண்டு இறக்கைக்கு அடியிலும் இருப்பவை ஒன்றுபோல் இருக்காது. வலது இறக்கையில் அகலமான பெட்டி போன்ற ரேடியேட்டர், இடது இறக்கையில் ஒல்லியான ஆயில் கூலர். மார்க் 9-இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டிகள். அதில் வந்த மெர்லின் என்ஜினுக்கு இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர். அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர் தேவைப்பட்டது, அதனால் இடது பக்கமும் பெருத்துவிட்டது. மூக்கும் மார்க் 9-க்குத்தான் நீளம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஆசை ஆசையாக வாங்கிய மார்க் 5. மூன்று பிளேடு புரொப்பெல்லர், படைப்பிரிவு எழுத்துகள், வரிசை எண், எல்லாம் அச்சாகச் சரி. ராத்திரி மேசை விளக்கின் கீழ் துடைக்கும்போது கவிழ்த்தேன். இரண்டு ரேடியேட்டரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மார்க் 9-க்குச் செய்த அச்சிலேயே வார்த்து, புரொப்பெல்லரை மட்டும் மாற்றி, மார்க் 5-இன் வண்ணத்தைப் பூசியிருந்தார்கள். உலோக அச்சு வெட்டுவது செலவு பிடித்த வேலை, அதனால் ஓர் அச்சை வைத்துப் பல மாடல்கள் போடுவது இந்தத் தொழிலில் சகஜம். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த அச்சு முதலில் எந்த மார்க்குக்காகச் செய்தது?" என்பதுதான்.

புரொப்பெல்லரையும் பாருங்கள். மார்க் 5-க்குப் பொதுவாக மூன்று பிளேடு, மார்க் 9-க்கு நான்கு, கிரிஃபான் என்ஜின் பூட்டிய மார்க் 14-க்கு ஐந்து. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் மெர்லின் வலஞ்சுழி, கிரிஃபான் இடஞ்சுழி. பிளேடின் தடித்த, உருண்ட விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் இருக்க வேண்டும். இது தலைகீழாக இருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை.

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 வைத்திருப்பவர்களுக்கும் இப்படி ஒரு சுலபமான சோதனை உண்டு. 'ஈ' வகையில் இறக்கை நுனி வெட்டினாற்போல் இருக்கும், வாலின் கிடைத்துடுப்பை ஒரு கம்பி தாங்கிநிற்கும். 'எஃப்' வகையிலிருந்து நுனி உருண்டது, தாங்கு கம்பியும் போய்விட்டது.

கேள்வி: என்னிடம் இருப்பதிலேயே பேனல் கோடுகளும் ரிவெட்டுகளும் நிறைய உள்ள மாடல் ஒரு மஸ்டாங். அதுதான் மிகத் துல்லியமானது என்று சொல்லலாமா?

இந்த எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். மாடலில் பேனல் கோடு 0.2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க மெல்லியதாகத்தான் இருக்கும். 72-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் அது 14 மி.மீ.க்கு மேல். சுண்டுவிரலை நுழைக்கலாம். எந்தத் தொழிற்சாலையும் போர் விமானத்தின் தகடுகளை அப்படிப் பொருத்தி வெளியே அனுப்பவில்லை. கோடு முழுக்க இல்லாமலே இருந்தால் மாடல் சோப்புக்கட்டி மாதிரி தெரியும் என்பதும் உண்மைதான். ஆகவே நான் எதிர்பார்ப்பது மிக மெல்லிய, ஆழமில்லாத கோடு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்து, நேர் வெளிச்சத்தில் மறைய வேண்டும். கறுப்பு மையை வார்த்து எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில் எடுத்துக்காட்டும் மாடல்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது, கோடு இருக்கக் கூடாத இடம். மஸ்டாங்கை எடுத்துக்கொண்டதே நல்லதாகப் போயிற்று. அதன் இறக்கை லேமினார் வகை, மேலே காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் இருந்த இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி நிற பெயின்ட் அடித்தார்கள். உடல் மட்டும்தான் வெற்று உலோகம். சரியான பி-51டி (மஸ்டாங்கின் ஒரு வகை) மாடலில் உடல் பளபளக்கும், இறக்கை கொஞ்சம் மங்கலாக, வழவழவென்று இருக்கும். முன்விளிம்பு முழுக்க ரிவெட் குத்தி, எல்லாவற்றையும் ஒரே குரோமாகப் பளபளக்க விட்டிருந்தால், உழைப்பு நிறைய, துல்லியம் குறைவு.

பிரிட்டனின் ஹரிக்கேன் விமானம் இன்னொரு நல்ல உதாரணம். காக்பிட்டுக்குப் பின்னால் அதன் உடலுக்கு மேல் போர்த்தியிருப்பது துணி. உள்ளே இருக்கும் நீளச் சட்டங்கள் துணியை லேசாகத் தூக்கி, மெல்லிய வரம்புகளாகத் தெரியும். அந்த இடத்தில் தகட்டுக் கோடும் ரிவெட்டும் போட்ட மாடலைப் பார்த்தால், செய்தவர் நிஜ விமானத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தடிப்பு இன்னொரு விஷயம். காக்பிட் கண்ணாடி 1 மி.மீ. தடிப்பில் இருந்தால் நிஜத்தில் 72 மி.மீ. கண்ணாடிச் சுவர். இறக்கையின் பின்விளிம்புக்கும் இதே கணக்குதான். டைகாஸ்ட் உலோகமான துத்தநாகத்தைக் கத்தி முனைபோல் மெல்லியதாக வார்ப்பது கடினம், அதனால் ஓரளவு தடிப்பை மன்னிக்கலாம். ஏரியல் கம்பம், பிட்டோ குழாய் (வேகத்தை அளக்க உதவும் குழாய்) போன்ற மெல்லிய பாகங்களை பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் குறையாக நினைக்காதீர்கள். கையில் கனமாக இருப்பது ஒரு சுகம், ஆனால் கனத்துக்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஒரே படைப்பிரிவு, ஒரே விமானம், இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமான பச்சையில் போட்டிருக்கின்றன. எது சரியான பச்சை?

இதில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அன்றைய படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. பெயின்ட் வெயிலில் வெளுக்கும், தொகுதிக்குத் தொகுதி மாறும். அருங்காட்சியகத்தில் நிற்பதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், அதுவும் பல முறை மறுபூச்சு கண்டிருக்கும். பிரிட்டன் வான்போரில் பறந்து இன்றும் பறக்கும் ஒரே ஸ்பிட்ஃபயர் பி7350. அதற்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வேறு படைப்பிரிவின் வண்ணத்தைப் பூசுகிறார்கள்.

நிறத்தின் சாயலில் விட்டுக்கொடுப்பேன். அடையாளங்களில் விடவே மாட்டேன், ஏனென்றால் அவற்றுக்குத் தேதி இருக்கிறது. அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பு வட்டம், ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பக் கூடாது என்று 1942 மே மாதம் நீக்கப்பட்டது. ஜூன் மாதம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த மிட்வே சண்டை என்று எழுதி, சிவப்பு வட்டத்தோடு ஒரு டான்ட்லெஸ் (அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம்) மாடல் வந்தால் அது தப்பு. நட்சத்திரத்தின் பக்கவாட்டுப் பட்டைகள் 1943 நடுவில் சிவப்பு ஓரத்தோடு வந்தன, சில மாதங்களில் ஓரம் நீலமானது. ஸ்பிட்ஃபயரின் வாலுக்கு முன்னால் வரும் வெளிர்பச்சை வளையமும் 1940 நவம்பர் இறுதியில்தான் வந்தது. செப்டம்பர் 1940 என்று சொல்லும் பெட்டிக்குள் அது இருக்கக் கூடாது.

ஒரே விமானத்துக்கு இரண்டு தோற்றமும் சரியாக இருக்கலாம். அமெரிக்க விமானி பட் ஆண்டர்சனின் 'ஓல்டு குரோ' மஸ்டாங் முதலில் பச்சையாக இருந்தது. 1944 குளிர்காலத்தில், பனி மூடிய தரைக்கு மேலே பச்சை பளிச்சென்று தெரிகிறது என்று அவர் சொன்னதும், தரைக்குழுவினர் இரவோடு இரவாக பெட்ரோலில் நனைத்த துணியால் தேய்த்து வெற்று உலோகமாக்கிவிட்டார்கள். குளிரில் கை விறைக்கச் செய்த வேலை அது. ஆகவே வெள்ளி நிற ஓல்டு குரோவும் சரி, பச்சையும் சரி. பெட்டியில் போட்ட மாதம் எது என்பதுதான் கேள்வி.

கேள்வி: நார்மண்டிப் படையெடுப்புக் கால விமானம். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொஞ்சம் கோணலாக இருக்கின்றன. திருப்பி அனுப்பட்டுமா?

அவசரப்படாதீர்கள். 1944 ஜூன் 6-க்கு முந்தைய ஓரிரு நாட்களில் கையில் கிடைத்த தூரிகையால் ஓடி ஓடி அடித்த பட்டைகள் அவை, நிஜத்திலேயே பல கோணல்தான். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு இருக்கிறதா பாருங்கள். ஒற்றை என்ஜின் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம், 1:72-இல் 6 மி.மீ.க்குச் சற்று மேல். ஓரம் அலைபாய்ந்தால் சரி. வெள்ளைப் பூச்சு பக்கத்தில் இருக்கும் வட்ட அடையாளத்தின்மேல் மங்கலாக வழிந்திருந்தால் அது அச்சுப் பிழை, திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: ஜெர்மன் விமானத்தின் வாலில் ஸ்வஸ்திகா இல்லை. பாகம் விட்டுப்போனதா?

இல்லை. ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளின் சட்டத்தால் பல கம்பெனிகள் அதை அச்சிடுவதில்லை, சில தனி ஒட்டுத்தாளாகத் தருகின்றன. மதிப்பிடும்போது நான் இதைக் குறையாக எண்ணுவதில்லை.

கேள்வி: ஜெட் மாடல்களில் எதைக் கவனிப்பது?

இறக்கையின் நிலையையும் சுமந்திருக்கும் ஏவுகணைகளையும். எஃப்-14 டாம்கேட் இறக்கை பறக்கும்போது 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரைதான் பின்னால் போகும். 75 டிகிரி என்பது கப்பல் தளத்தில் இடம் மிச்சப்படுத்தி நிறுத்துவதற்கு. இறக்கையை வாலின்மேல் மடித்து, சக்கரத்தை உள்ளே இழுத்து, ஸ்டாண்டில் பறக்கவிட்டால் பார்க்க அழகுதான், ஆனால் அப்படி ஒரு விமானம் வானத்தில் இல்லை. ஏவுகணைக்கும் தேதி உண்டு. ஏஐஎம்-120 அம்ராம் சேவைக்கு வந்தது 1991-இல். 1980-களின் படைப்பிரிவு வண்ணத்தில் உள்ள எஃப்-15-க்குக் கீழே அது தொங்கினால், கழற்றிவிட்டு அதற்கு முந்தைய ஸ்பாரோ ஏவுகணையை மாட்டுங்கள். பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும்.

கேள்வி: பழைய மாடல் ஒன்றில் பெயின்ட் கொப்பளித்து, இறக்கையில் மெல்லிய விரிசல் விட்டிருக்கிறது. சரிசெய்ய முடியுமா? மற்ற மாடல்களுக்கும் பரவுமா?

பெயின்ட் மட்டும் உரிந்து அடியில் உலோகம் கெட்டியாக இருந்தால் பூச்சுக் கோளாறுதான். உலோகமே வெடித்து, விரல் நகம் பட்டாலே பொருபொருவென்று உதிர்ந்தால் அது துத்தநாக அரிப்பு. டைகாஸ்ட் உலோகம் என்பது துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்த கலவை. வார்க்கும்போது அதில் காரீயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், வருடங்கள் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிபட்டு, உப்பி, வெடிக்கும். உப்புவதால் இறக்கை சில மி.மீ. நீண்டுகூடப் போகும், மேலே சொன்ன அளவெல்லாம் இதற்குச் செல்லாது. மருந்து கிடையாது. ஈரமும் சூடும் குறைந்த இடத்தில் வைத்தால் மெதுவாகும், அவ்வளவுதான். தொற்றுநோய் அல்ல, பக்கத்து மாடலுக்குப் பரவாது. பயப்படாமல் அதே அலமாரியில் வைத்திருங்கள். கையில் எடுக்கும்போது மட்டும் இறக்கையைப் பிடிக்காமல் உடலை அடியிலிருந்து தாங்கி எடுங்கள்.