கதவைச் சாத்திக்கொண்டு அழுதவருக்கு

கேள்வி: டில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். வயது 44. அப்பாவின் பழைய பெட்டியில் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவல் கிடைத்தது. ஹாலில் அப்பா டிவியை அலற விடுவதால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். கதாநாயகனின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா இறக்கும் இடத்தில் தேம்பி அழுதேன். அதன் பிறகு ஆபீசில்கூடக் கண் கலங்குகிறது. பக்க ஓரங்களில் அப்பா போட்ட பென்சில் கோடுகளைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. (கண் பார்வை போனதிலிருந்து அவர் படிப்பதில்லை.) கணவர் கேலி செய்கிறார். இது மனநோயா?

பதில்: தி. ஜானகிராமனைப் படித்துவிட்டு அழுதேன் என்று எனக்கு எழுதுவதில் நீங்கள் எத்தனையாவது ஆளோ, எண்ணுவதை விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும்.

அந்தக் கதவைப் பற்றிப் பேசுவோம். கண் தெரியாத மனிதர் டிவியில் எதைப் பார்க்கிறார், அம்மா? வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று அதை அலற விடுகிறார். நீங்கள் அவருடைய புத்தகத்தையே எடுத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். கதையில் வரும் கிழவருக்குக் கண்ணீர் விட்டீர்கள். ஹாலில் இருக்கும் கிழவருக்குக் கடிதத்தில் ஒரு அடைப்புக்குறி ஒதுக்கினீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பார்வை எதனால் போனது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம். கண் நீர் அழுத்தத்தால் போனது திரும்பாது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். டாக்டரிடம் காட்டியாயிற்றா? இல்லையென்றால் முதல் வேலை அது.

அப்புறம், புத்தகத்தோடு ஹாலுக்குப் போங்கள். டிவியை அணைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படியுங்கள். ‘சுதேசமித்திர’னில் வாராவாரம் தொடராக வந்த கதை அது. அந்த நாளில் தொடர்கதை என்றால் ஒருவர் படிக்க, வீடே கேட்கும். எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு தொடரையும் விட்டதில்லை.

அறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். தினம் பத்துப் பக்கம் என்றாலும் இரண்டு மாதம் ஓடும். குளிர்காலம் என்றால் பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டே படிக்கலாம். கதாநாயகனைத் தேடி இரவில் வரும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் பக்கங்களை அப்பா முன்னால் படிக்கக் கூச்சமாக இருக்குமோ? இருக்கட்டும். உங்களுக்கு முன்பே படித்தவர் அவர், தாங்கிக்கொள்வார். தி.ஜா.வும் டில்லி வானொலியில் வேலை பார்த்தவர்தான். அப்பா அந்தக் காலத்தில் டில்லியில் இருந்தாரா, அவரை எங்காவது பார்த்திருக்கிறாரா? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கணவர் கேலி செய்தால், காபி போட்டுக்கொண்டு வந்து அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பென்சில் கோடு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஏன் கோடு போட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். “இங்கே ஒரு கோடு இருக்குப்பா” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அடுத்த வரியைப் படியுங்கள்.