அண்ணன் குரலில் வந்த அழைப்பு: புகார் கடலூரிலா, பாண்டியிலா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகர். அப்பா பாண்டியில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கிக் கணக்கு இன்னும் அங்கேதான். நேற்று இரவு, துபாயில் இருக்கும் அண்ணனின் குரலிலேயே புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. "அவசரம்ப்பா, 45,000 அனுப்புங்க" என்றதும் அப்பா ஜிபேயில் அனுப்பிவிட்டார். அண்ணனோ அழைக்கவே இல்லை என்கிறார். ஏஐ மோசடிக்கென்று மத்திய அரசு போட்ட சட்டம் எது? எந்த ஊர் போலீஸிடம் போவது?

பதில்: முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அங்கே புகார் பதிவானதும் அப்பாவின் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் நிறுத்திவைப்பார்கள். வேறு கணக்குக்குத் தள்ளியிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்திவைக்க எதுவும் இருக்காது. ஒரு இரவு போய்விட்டது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் இருக்கும். அதைத்தான் கேட்பார்கள், தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்யலாம், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டும்.

ஊர்க் குழப்பம் நம் பக்கத்தில் சகஜம். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் போலீஸும் வேறு, அரசும் வேறு. ஆனால் 1930 நாடு முழுக்க ஒரே எண். எல்லைப் பக்கம் டவர் மாறி பாண்டியில் யாராவது எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். சைபர்கிரைம் இணையதளத்தில் மாநிலம் கேட்டால், நீங்கள் வசிக்கும் தமிழ்நாட்டையே போடுங்கள். நேரில் போகும்போது 'இது எங்கள் எல்லையில் வராது' என்று யாராவது திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது.

சரி, ஏஐ சட்டம்? தனியாக அப்படி ஒன்று கிடையாது. 2025 நவம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளும், இப்போதைக்கு இருக்கிற சட்டங்களையே பயன்படுத்தலாம் என்ற போக்கில்தான் இருக்கின்றன. தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை 2013-இல் வந்தது. யுபிஐயே 2016-இல்தான் வந்தது என்பதை வைத்து அதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கையாக உருவாக்கிய படத்துக்கும் குரலுக்கும் அடையாளம் போட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் திருடன் முத்திரை குத்திவிட்டா போன் பண்ணுவான்?

ஏஐக்குத் தனிச் சட்டம் இல்லாதது உங்களுக்கு இடைஞ்சலே இல்லை. குரல் நிஜமா, போலியா, மிமிக்ரியா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-இன் 318(4) மோசடிப் பிரிவில் 7 ஆண்டு வரை உண்டு. புகாரில் 'என் மகன் போலப் பேசி ஏமாற்றினார்' என்ற வரி தெளிவாக இருந்தால் போதும்.

வங்கி ஈடு கட்டுமா என்று கேட்டால், நம்பிக்கை கொடுக்க மாட்டேன். 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போன பணத்துக்குத்தான் பெரிதும் உதவும். இங்கே பின் நம்பரைப் போட்டு அனுப்பியது அப்பாவே. பெரும்பாலும் நிறுத்திவைத்த தொகைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது. அதைப் பெறவும் சில சமயம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், மாதங்கள் ஆகலாம். அதனால் புகார் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

அண்ணனிடம் ஒரு விஷயம் பேசிவையுங்கள். இனிப் பணம் என்று அழைப்பு வந்தால், ஆயா அவரைச் சின்ன வயதில் எப்படிக் கூப்பிடுவார் என்று அப்பா கேட்கட்டும். இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவிலிருந்து குரலைத் திருடலாம், அந்தச் செல்லப் பெயர் அதில் இருக்காது.

அடுத்து, 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று யாராவது அழைக்கலாம். பணத்தை மீட்டுத்தரப் போலீஸ் கட்டணம் கேட்காது. கொடுக்காமல் போனை வைத்துவிட்டு, அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் பதிந்துவிடுங்கள்.