எலுமிச்சை ஆயில் தடவிக்கொண்டு வெயிலில் போகலாமா? கேள்வி பதில்

கே: அக்கா, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் பத்துச் சொட்டு லெமன் எசென்ஷியல் ஆயில் (செறிவான எலுமிச்சை வாசனை எண்ணெய்) கலந்து, தினமும் காலையில் முகத்தில் தடவிக்கொண்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். முகம் பளிச்சென்று ஆகும் என்றார்கள். தொடரலாமா?

ப: இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மி.லி., அதாவது சுமார் 100 சொட்டு. அதில் பத்துச் சொட்டு என்றால் கிட்டத்தட்ட 10 சதவீதம். தோலைப் பிழிந்தெடுத்த லெமன் ஆயிலைக் கழுவாமல் விடும் பூச்சில் 2 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது இஃப்ரா என்ற சர்வதேச வாசனைப்பொருள் அமைப்பின் வரம்பு.

இந்த ஆயிலில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டால் அது தோல் செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு செல்லைக் கெடுக்கும். சிவக்கும், எரியும், கொப்புளம்கூட வரும். ஆறிய பிறகும் கருங்கறை மாதக்கணக்கில் போகாது. முகம் வெளுக்கும் என்று சொன்னவரைக் கொஞ்சம் விசாரியுங்கள்!

கே: எனக்கு அலர்ஜியே கிடையாது. முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே?

ப: இது அலர்ஜி அல்ல. ஆயிலும் வெயிலும் போதுமான அளவு சேர்ந்தால் முதல் தடவையிலேயே யாருக்கும் வரலாம். முழங்கை மடிப்பில் வெயில் படாததால் அந்தச் சோதனை இதைக் காட்டாது. அப்புறம், எரிச்சல் உடனே வராது. இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதற்குள் நாம் புதுச் சோப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கே: வேறு எந்த ஆயில்களில் கவனம் தேவை?

ப: முதலில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் ஆயில், வரம்பு 0.4 சதவீதம்தான். 30 மி.லி. எண்ணெய்க்கு இரண்டே சொட்டு. பிழிந்த லைம் (நம்மூர்ச் சிறு எலுமிச்சை வகை) 0.7, கசப்பு ஆரஞ்சு 1.25, கிரேப்ஃப்ரூட் 4. பிள்ளை பெற்ற வீடுகளில் புழங்கும் அருவதா மூலிகையின் ஆயிலுக்கு 0.15 மட்டுமே. இரண்டைக் கலந்தால் இரண்டின் அளவையும் குறைக்க வேண்டும். தனித்தனி வரம்பு செல்லாது. இனிப்பு ஆரஞ்சு, லாவெண்டர், நீலகிரித் தைலம் ஆகியவற்றுக்கு இந்த வெயில் பிரச்சினை இல்லை. அதற்காக நேரடியாகத் தேய்க்காதீர்கள்.

கே: ஒரு கடையில் லைம் ஆயில் வெயிலுக்கு ஆகாது என்கிறார்கள், இன்னொரு கடையில் ஆகும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஃபியூரோகூமரின் கனமான பொருள், ஆவியோடு ஏறி வராது. அதனால் ஆவியில் வடித்த லைம் ஆயிலில் பயமில்லை, பிழிந்ததில்தான் உண்டு. லேபிளில் எந்த முறை என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லையா? பிழிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெர்கமாட்டில் எஃப்சிஎஃப் (FCF) என்று போட்டிருந்தால் ஃபியூரோகூமரினை நீக்கியது.

கே: சன்ஸ்கிரீன் மேலே போட்டால்?

ப: அதை நம்பி இறங்க வேண்டாம். வரம்பை மீறித் தடவிய இடத்தைக் குறைந்தது 12 மணி நேரம் வெயிலுக்குக் காட்டாதீர்கள். 18 என்றால் இன்னும் நல்லது. கார் ஜன்னல் கண்ணாடியை நம்பாதீர்கள், பல வண்டிகளில் யுவிஏ அதன் வழியே உள்ளே வரும்.

கே: சோப்பில், அறையில் மணம் பரப்பும் டிஃப்யூசரில் சேர்க்கலாமா?

ப: தாராளமாக. கழுவிவிடும் சோப்புக்கு இந்த வரம்பு இல்லை.

கே: தெரியாமல் தடவி வெயிலில் போய்விட்டேன், என்ன செய்வது?

ப: உடனே நிழலுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: வெண்புள்ளிக்குக் கார்போகரிசித் தைலம் தடவி வெயிலில் நிற்கச் சொல்கிறார்களே?

ப: அதிலும் இருப்பது இதே ஃபியூரோகூமரின் குடும்பத்துச் சோரலென்தான். இங்கே வெயிலோடு சேர்ந்து அது செய்யும் வேலையையே வைத்தியமாக்குகிறார்கள். எவ்வளவு தடவுவது, எத்தனை நிமிடம் நிற்பது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நாமாகத் தடவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் புண்ணாகிவிடும்.