நாலு நாற்பது பஸ்

அன்புள்ள சார்,

ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.ஈ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் டிரைவர். கல்லூரி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வகுப்பு முடிந்த பிறகுதான் கல்லூரி தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வகுப்பு முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். 4.40. துறை விழாவான சிம்போசியத்துக்கு மீட்டிங், டான்ஸ் பிராக்டிஸ், கிளப்புக்கு ஆள் எடுப்பது எல்லாமே 5 மணிக்கு மேல்தான். கோ-ஆர்டினேட்டர்கள் எல்லோரும் ஹாஸ்டல் பசங்க. வீட்டிலிருந்து வந்துபோகும் டேஸ்காலருக்கு சீரியஸ்னஸ் கிடையாது என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் துறையில் வருஷா வருஷம் இரண்டு மூன்று டீமாவது மீனவர்களுக்கு எல்லை எச்சரிக்கைக் கருவி செய்வார்கள். ஒரு ஜி.பி.எஸ்., ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பஸர். அப்பாவிடம் சொன்னேன். "ஏத்தா, கோடு எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். அதனால் இந்த வருஷம் சிம்போசியத்தில் படகுக்காரர்களை நடுவர்களாக உட்காரவைத்து, ப்ராஜெக்டுகளைத் தமிழில் விளக்கச் சொல்லலாம் என்று கேட்டேன். தமிழில் நடத்தினால் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சி.ஜி.பி.ஏ.வை மட்டும் பார்க்கட்டுமா?

பின்குறிப்பு: சிம்போசியத்துக்குச் சிறப்பு விருந்தினராக வருவீர்களா?

(பெயர் வேண்டாம், ப்ளீஸ்)

*

அன்புள்ள பாம்பன் மாணவிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கல்லூரி பெயரையும் எடுத்துவிட்டேன். இந்தக் கரையில் எந்தக் கல்லூரி வாசலில் நின்று இந்தக் கடிதத்தைப் படித்தாலும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை எழுதியபோது என் மனதில் இருந்தது ஹாஸ்டல் மட்டும்தான். மெஸ் சாம்பார், வராந்தாவில் ராத்திரி 12 மணிக்கு நடக்கும் சண்டை, வார்டன் டார்ச் லைட். முதல் இரண்டு வருஷம் நானும் பஸ்ஸில் போய்வந்தவன் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

1998-ல் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகம் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வருவதற்கு முந்தைய காலம். எங்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம். சாயல்குடியில் ஏறினால் ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி என்று நின்று நின்று போகும் பஸ். அதில் உட்கார்ந்துதான் ரெக்கார்டு எழுதுவோம். ரெக்கார்டு நோட்டைத் திறந்ததுமே எங்கள் லேப் சார் "சாயல்குடி ரூட்டா?" என்பார். பள்ளத்துக்குப் பள்ளம் எழுத்து துள்ளியிருக்கும்.

இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எனக்குச் சுத்தமாக ஓடவில்லை. கூம்பைச் சாய்த்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று போர்டில் எத்தனை முறை போட்டாலும் எனக்குக் கோடுகள்தான் தெரிந்தன, கூம்பு தெரியவில்லை. ஜனவரி மாதம். கடைசி சீட்டில் இருந்த இறுதியாண்டு அண்ணன் ஒருவர் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்தார். பிளேடால் குறுக்கே நேராக ஒரு வெட்டு. "இது என்ன?" வட்டம். கொஞ்சம் சாய்த்து ஒரு வெட்டு. முட்டை மாதிரி நீண்ட ஒரு முகம். "இது?" நீள்வட்டம். அப்புறம் கிழங்கின் நுனிப் பக்கமாகத் திருப்பி, ஒரு பக்கத்துச் சரிவுக்கு இணையாகப் பிளேடை இறக்கினார். பரவளையம் என் உள்ளங்கையில் கிடந்தது. வெட்டிய துண்டுகளைத் திருப்புல்லாணி வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டோம். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர் விழவில்லை.

இதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பஸ்ஸில் கிடைப்பது ஒன்று, பஸ்ஸால் போவது வேறொன்று. மூன்றாம் ஆண்டில் ஹாஸ்டலுக்கு மாறிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. பொருளாளர் யார், மேடையில் யார் ஏறுவது, எந்தப் போட்டியை வைப்பது, எதைத் தூக்குவது எல்லாம் சாயங்காலம் டீக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிவாகிவிடும். மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு நோட்டீஸ் போர்டு. அதிலும் பெண்கள் ஹாஸ்டல் கேட்டை 6 மணிக்கே பூட்டிவிடுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், இரவு கல்லூரிக்குள் சுற்ற அனுமதி உள்ள இருபது முப்பது பையன்கள்தான் 'மாணவர் மன்றம்'. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, நானும் அந்தக் கும்பலில் இருந்தவன்தானே. ஆனால் இதற்கு சீரியஸ்னஸ் என்று பெயர் வைப்பது அநியாயம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். சீரியஸாக இருந்தாலும் 55 கிலோமீட்டர்தான்.

அதனால் கேட்கவேண்டியது பதவி இல்லை, நேரம். உங்கள் டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு பீரியட் 'அசோசியேஷன்' என்றோ 'லைப்ரரி' என்றோ இருக்கும். அதைப் பெரும்பாலும் போர்ஷன் முடிக்காத யாராவது ஒரு சார் வாங்கி வைத்திருப்பார். அதைத் திருப்பிக் கேளுங்கள். மீட்டிங் அங்கே நடக்கட்டும், இல்லையென்றால் மதிய இடைவேளையில். தனியாகப் போய்க் கேட்கவேண்டாம். உங்கள் பஸ்ஸில் வரும் எல்லாத் துறைப் பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்கித் துறைத் தலைவரிடம், அதாவது எச்.ஓ.டி.யிடம் கொடுங்கள். கையெழுத்து வாங்க உங்களுக்கு ஒரு நாளைக்குப் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, ஹாஸ்டல்காரர்களுக்கு அது கிடையாது.

சி.ஜி.பி.ஏ. மட்டும் போதுமா என்று கேட்கிறீர்கள். வேலைக்கு அது வேண்டும், விடாதீர்கள். ஆனால் எனக்குச் சிம்போசியம் கற்றுக்கொடுத்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சிம்போசிய மலர்க் குழுவில் நான் இருந்தேன். விளம்பரம் வாங்க ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடை கடையாக ஏறினோம். ஓர் அரிசி மண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் அரைப் பக்கத்துக்குப் பணம் கொடுத்தார். அச்சாகி வந்த மலரில் கொட்டை எழுத்தில் 'அரிசி மண்டை' என்று இருந்தது. புரூஃப் பார்த்தது நான்தான். பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். மலரைக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் தயாரில்லை. நான் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, எங்க அய்யா காலத்துலேருந்து மண்டியாத்தான் இருந்துச்சு. ஒரே நாள்ல மண்டையாக்கிட்டியளே" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், உட்கார்ந்து டீயைக் குடி என்றார். இன்றுவரை எதை அச்சுக்கு அனுப்பினாலும் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லை எச்சரிக்கைக் கருவி.

இந்த ப்ராஜெக்டை நான் எத்தனையோ கண்காட்சிகளில் பார்த்துவிட்டேன். தெர்மகோலில் நீலம் அடித்த கடல், நடுவில் சிவப்புக் கோடு, பொம்மைப் படகு. கோட்டைத் தாண்டினால் பீப் பீப். பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்ததிலிருந்து நம் கரையில் தினசரிப் பேச்சே அந்தக் கோடுதான். விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். வந்தும் காலமாயிற்று. கோடு தெரியாமல் யாரும் போவதில்லை. பாக் நீரிணை அகலம் குறைந்த கடல். இங்கே படகு அதிகம், அங்கே மீன். டீசல் போட்டாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, வலையில் ஒன்றும் விழவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் அங்கே இருக்கும் கேள்வி. அந்தக் கரையில் சின்னப் படகும் வலையுமாக ஒரு தமிழ் மீனவர் இதே கடலை நம்பி நிற்கிறார் என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. இதில் எதற்கும் பஸர் பதில் சொல்லாது. உங்கள் அப்பா ஒரே சிரிப்பில் சொல்லிவிட்டார்.

அந்தச் சிரிப்பு ஹாஸ்டலில் இருக்கிற பையன் காதில் விழ வழியில்லை. தினமும் சாயங்காலம் பாம்பனில் போய் இறங்குகிறவருக்குத்தான் விழும். ப்ராஜெக்டைச் சோதித்துப் பார்க்கவேண்டிய இடத்துக்குத் தினமும் போய்வரும் ஆள் உங்கள் துறையில் நீங்கள்தான், நாலு நாற்பது பஸ் புண்ணியத்தில்.

படகுக்காரர்களை நடுவர்களாக்கும் யோசனை அருமை. விடாதீர்கள். தமிழில் நடத்தினால் மதிப்பில்லை என்று சொன்னவருக்கு இரண்டு விஷயம் எடுத்துச் சொல்லலாம், பணிவாகவே.

ஒன்று, அவர் அறையிலும் படம் மாட்டியிருப்பாரே, கலாம். ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி வழியாகச் சென்னை எம்.ஐ.டி.க்குப் போனவர். அங்கே படிக்கும்போது கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். கலாமே தன் சுயசரிதையில் இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார். அந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருந்ததா இல்லையா என்று எச்.ஓ.டி.யே முடிவு செய்யட்டும்.

இரண்டு, உங்கள் சிலபஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதலாம் ஆண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்கள் வந்தன. நீங்களும் எழுதிப் பாஸ் செய்திருப்பீர்கள். இரண்டாவதில் மீன்வளம், முத்து, சங்கு குளித்தல், பண்டைய கடல் அறிவு எல்லாம் பாடமாகவே இருக்கிறது. சங்கு குளிப்பதைப் பற்றி முதல் வருஷம் பதில் எழுதி மார்க் வாங்கலாம், மூன்றாம் வருஷம் கீழக்கரையிலிருந்து ஒரு சங்குகாரரை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கக் கூடாதா? சிலபஸ் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

ஆட்களைக் கூப்பிடும்போது படகில் போகிற ஆண்களோடு நிறுத்திவிடாதீர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் கடல்பாசி எடுக்கும் சின்னப்பாலம் பெண்களில் இரண்டு பேராவது வேண்டும். அவர்கள் இதுவரை எந்த ப்ராஜெக்டிலும் 'பயனாளி'யாகக்கூட வந்ததில்லை என்பது என் சந்தேகம். என்ன கருவி வேண்டும் என்று நீங்களாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதை ஒருவர் உட்கார்ந்து எழுதினால் போதும், அடுத்த வருஷத்துக்கு ப்ராஜெக்ட் தலைப்பு கிடைத்துவிடும்.

தேதிதான் கொஞ்சம் தலைவலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆனால் உங்களுக்கு செமஸ்டர் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்கள் உண்டு, ஆனால் ஞாயிறு காலேஜ் கிடையாது. விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று உங்கள் பக்கம் முறை இருக்கிறதே, அதை அப்பாவிடம் கேட்டு, விசைப்படகு போகாத நாளாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். சிறப்பு விருந்தினருடைய தேதிக்காகச் சிம்போசியம் தள்ளிப்போகும்போது, படகுக்காரருடைய தேதிக்காக ஒருமுறை தள்ளிப்போனால் என்ன.

ஒரு சின்ன எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். உங்கள் துறை போன வருஷம் ஐ.வி. என்று தொழிற்சாலை பார்க்க எங்கே போனது? மூணாறா, கொடைக்கானலா? வழியில் ஏதாவது ஒரு கம்பெனியில் அரை மணி நேரம் நின்று லெட்டர் வாங்கியிருப்பீர்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் கையால் நெம்பித் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. கடல்மேல் கட்டியதில் நாட்டின் முதல் செங்குத்துத் தூக்குப் பாலம். ஈ.சி.ஈ. படிக்கிற பிள்ளைகள் அதைப் பஸ் ஜன்னலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு மூணாறுக்குப் போகிறார்கள். முறைப்படி ரயில்வேயிடம் அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாமே. மறுத்தாலும் ஒரு கடிதம் எழுதிய அனுபவம்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. வருகிறேன். என் படம் போட்ட பிளெக்ஸ் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். முன்வரிசை நாற்காலி படகுக்காரர்களுக்கு. காலையில் பத்து மணிக்கு ஆரம்பித்து, பரிசளிப்பை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள், பஸ் பிள்ளைகள் நன்றியுரை வரைக்கும் இருக்கவேண்டும். எனக்குக் கார் ஏற்பாடு செய்ய வேண்டாம். நாலு நாற்பது பஸ்ஸில் உங்களோடு பாம்பன் வரை வந்து, அப்பாவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். கடைசி சீட்டில் ஓர் இடம் போட்டுவையுங்கள். ஜனவரியாக இருந்தால் பனங்கிழங்கு நான் கொண்டுவருகிறேன், பிளேடு நீங்கள்.